பொறுமைசாலி ஜப்பானியரும் ஷின்ஜுகு ஸ்டேஷனும்

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. ரயில் பெட்டி பிதுங்கி வழிகிறது. கதவை மூட முடியவில்லை. வெள்ளைக் கையுறையும் தொப்பியும் போட்ட ஸ்டேஷன் ஊழியர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். கதவருகே தொக்கி நிற்பவர்களின் முதுகில் கை வைத்து, தலையணை உறைக்குள் பஞ்சைத் திணிப்பது மாதிரி உள்ளே அழுத்துகிறார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கதவு மூடுகிறது, ரயில் கிளம்புகிறது. கீழே யாராவது ஒருத்தர் கண்டிப்பாக எழுதியிருப்பார்: "என்ன ஒழுக்கம், என்ன பொறுமை! இதனால்தான் அவன் முன்னேறினான்."

பொறுமை ஜப்பானியர் ரத்தத்திலேயே ஊறியது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு தேதியைப் பார்த்துவிடலாம். 1973 ஏப்ரல் 24, மாலை நேரம். டோக்கியோவில் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போக வந்த கூட்டம், வராத ரயில்களுக்காகக் காத்துக் காத்து வெறுத்துப்போய், ஸ்டேஷன்களை அடித்து நொறுக்க ஆரம்பித்தது. ரயில் கண்ணாடிகள் உடைந்தன. டிக்கெட் மெஷின்கள் உடைந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் அறைகளுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். ஒரே ராத்திரியில் 38 ஸ்டேஷன்களில் கலவரம். உவேனோ, அகபானே, ஷிபுயா என்று போகும் அந்தப் பட்டியலில் ஷின்ஜுகுவும் உண்டு.

உலகத்திலேயே அதிகக் கூட்டம் வரும் ஸ்டேஷன் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது இந்த ஷின்ஜுகுதான். கோவிட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் ஏறுபவர், இறங்குபவர், வண்டி மாறுபவர் எல்லாரையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 35 லட்சம் பேர். இத்தனை பேரை ஒரே கூரைக்குக் கீழ் சண்டையில்லாமல் அனுப்பி வைக்கும் வித்தை ஒரே நாளில் வந்ததா? இல்லை. அந்தக் கதைதான் இது.

மழை பெய்தால் ஆளே இல்லை

ஷின்ஜுகு என்ற பெயருக்குப் 'புதிய சத்திரம்' என்று அர்த்தம். அதாவது அச்சு அசலாக நம்ம புதுச்சத்திரம்! டோக்கியோ அப்போது எதோ. அங்கிருந்து மேற்கே மலைநாட்டுக்குப் போகும் கோஷு சாலையில் முதல் தங்குமிடம் ரொம்பத் தொலைவில் இருந்தது. நடுவில் ஒன்று வேண்டும் என்று அசாகுசா வியாபாரிகள் சிலர் அரசாங்கத்திடம் கேட்டு, 1698ல் அனுமதி வாங்கினார்கள். நைத்தோ என்ற பிரபுவின் நிலத்தை ஒட்டி அமைந்ததால் 'நைத்தோ ஷின்ஜுகு'. தங்குமிடம் என்று பெயரே தவிர, சாப்பாடு பரிமாற வைத்த பெண்களை வைத்து வேறு தொழிலும் நடந்தது. இருபது வருஷத்தில், 1718ல், அரசாங்கம் இழுத்து மூடியது. 1772ல் மறுபடி திறந்தது. ஷின்ஜுகுவின் இரவு வாழ்க்கைக்கு வயது முன்னூறு என்று சொல்வது இதனால்தான்.

ரயில் வந்தது 1885 மார்ச் 1 அன்று. நிப்பான் ரயில்வே என்ற தனியார் கம்பெனி, வடக்கே அகபானேயிலிருந்து தெற்கே ஷினகவா வரை ஒரு பாதை போட்டது. நோக்கம் பயணிகள் அல்ல, பட்டு. உள்நாட்டில் நூற்ற பட்டை யோகோஹாமா துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்ற வேண்டும். நகரத்தின் நடுவே நிலம் கிடைப்பது கஷ்டம், அதனால் ஊருக்கு மேற்கே காட்டுவெளியில் சுற்றிக்கொண்டு போனது பாதை. சத்திரத் தெருவுக்கும் வெளியே, ஒதுக்குப்புறத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். ஆரம்பத்தில் நாளைக்கு ஐம்பது பேர் வந்தாலே பெரிசு என்றும், மழை நாளில் ஒருத்தர்கூட வரமாட்டார்கள் என்றும் சொல்வார்கள். முக்கியமான சரக்கு விறகும் கரியும். இன்றைக்கு உலகமெங்கும் கடை விரித்திருக்கும் கினோகுனியா புத்தகக் கடை 1927ல் ஷின்ஜுகுவில் ஆரம்பித்ததுதான். அதை ஆரம்பித்தவரின் குடும்பத் தொழில் கரி வியாபாரம்.

1889ல் கோபு ரயில்வே என்ற இன்னொரு கம்பெனி ஷின்ஜுகுவிலிருந்து மேற்கே தாச்சிகவா வரை பாதை போட்டது. இன்றைய சூவோ லைனின் ஆரம்பம் இது. 1906ல் சட்டம் போட்டு இரண்டு கம்பெனிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1915ல் கெயோ மின்சார ரயில் வந்தது, 1927ல் ஒடாக்யு. இரண்டுக்கும் நடுவில் 1923 செப்டம்பர் 1 அன்று வந்த பூகம்பத்தில் டோக்கியோவின் கிழக்குப் பகுதி எரிந்து சாம்பலானது. லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். பிழைத்தவர்கள் நிலம் கெட்டியாக இருக்கும் மேற்குப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். வீடு மேற்கே, வேலை கிழக்கே, நடுவில் ஷின்ஜுகு. மழைக்கு ஆள் வராத ஸ்டேஷனின் தலையெழுத்து அங்கே மாறியது.

(போகிற போக்கில் ஒரு இந்திய விஷயம். ஸ்டேஷனின் கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் நக்கமுராயா என்ற பழைய ரொட்டிக் கடை இருக்கிறது. 1912ல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் பிரிட்டிஷார் தேடிய ராஷ் பிகாரி போஸ், 1915ல் ஜப்பானுக்குத் தப்பி வந்தபோது அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது இந்தக் கடைக் குடும்பம்தான். பின்னால் அந்த வீட்டுப் பெண்ணையே மணந்துகொண்டார். 1927ல் அந்தக் கடையில் அவர் அறிமுகப்படுத்திய கோழிக் கறிக் குழம்பு இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.)

மேடு ஏற முடியாத ரயில்

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் நடந்த ஒரு சின்னச் சம்பவம், பயணிகள் என்ன பாடு பட்டார்கள் என்பதைக் காட்டும். கெயோ ரயிலின் கடைசி ஸ்டேஷன் அப்போது கிழக்குப் பக்கத்தில் இருந்தது. அரசாங்க ரயில் தண்டவாளங்களுக்கு மேலே பாலம் ஏறித்தான் அங்கே போகவேண்டும். 1945 மே மாத விமானத் தாக்குதலில் மின்சார சப்ஸ்டேஷன் நாசமானது. வோல்டேஜ் இல்லை. ஆட்களை ஏற்றிய ரயில் பாலத்து மேட்டில் ஏற முடியாமல் திணறியது. ஜூலை மாதம் கம்பெனி ஒரு முடிவு செய்தது: மேடே வேண்டாம், மேற்குப் பக்கத்திலேயே நின்றுவிடுவோம். கெயோ ஸ்டேஷன் இன்றைக்கும் மேற்கில் இருப்பதற்கு வோல்டேஜ் இல்லாமல்போன அந்தக் கோடைதான் காரணம். நகரத் திட்டம், மாஸ்டர் பிளான் ஒன்றும் கிடையாது.

ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 20 அன்று, ஷின்ஜுகு கிழக்கு வாசலில் சந்தை திறந்துவிட்டது. தெரு வியாபாரிகளைக் கட்டி மேய்த்த ஒரு தாதா கும்பலின் ஏற்பாடு. 'ஒளி ஷின்ஜுகுவிலிருந்து' என்று விளம்பரமும் செய்தார்கள், சட்டியும் பானையும் விற்பதற்கு! ரேஷன் அரிசியை நம்பினால் பட்டினி என்ற நிலைமை. ஜனங்கள் கிமோனோவை மூட்டை கட்டிக்கொண்டு சூவோ லைனில் கிராமத்துக்குப் போவார்கள், அதைக் கொடுத்து அரிசியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாங்கி வருவார்கள். ஜன்னல் வழியாக ஏறுவது, வெளியில் தொங்கிக்கொண்டு போவது எல்லாம் சாதாரணம். திரும்பி வரும்போது ஸ்டேஷனில் போலீஸ் சோதனை. கிழங்கு பறிபோனால் அன்றைக்குக் குடும்பமே பட்டினி. வரிசையில் நின்று ரயில் ஏறும் 'பிறவி ஒழுக்கம்' அந்த ஜன்னல்களில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை :-)

தள்ளுவதற்குச் சம்பளம்

இப்போது வீடியோவுக்கு வருவோம். தள்ளுகிறவர்களுக்கு ஜப்பானியரே வைத்த பெயர் 'ஒஷியா', அதாவது 'தள்ளுகாரர்'. ஷின்ஜுகு ஸ்டேஷனில் இவர்களை நிறுத்த ஆரம்பித்தது 1955ல். அதிகாரபூர்வப் பெயர் நாசூக்காக 'பயணிகள் ஒழுங்குப் பணியாளர்'. அவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? காலேஜ் மாணவர்கள்! பார்ட் டைம் வேலை. காலை நெரிசலில் ஆட்களைத் தள்ளிவிட்டு, அப்புறம் வகுப்புக்குப் போவது. மாணவர்கள் தள்ளியது சம்பளத்துக்காக வேலைக்குப் போகிறவர்களை. நாலு வருஷம் கழித்து அதே மாணவன் டை கட்டிக்கொண்டு அந்தக் கதவருகே நின்றிருப்பான், இன்னொரு மாணவன் அவன் முதுகில் கை வைத்திருப்பான்.

நெரிசலை அளப்பதற்கு ஜப்பானில் ஒரு வேடிக்கையான அளவுகோல் இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்தோ, கைப்பிடி பிடித்தோ, கம்பியைப் பிடித்தோ எல்லாருக்கும் இடம் இருந்தால் 100 சதவீதம். பேப்பரை விரித்துப் படிக்க முடிந்தால் 150. மடித்துச் சிரமப்பட்டுப் படிக்க முடிந்தால் 180. உடம்போடு உடம்பு அழுந்தி, எப்படியோ ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்ட முடிந்தால் 200. ரயில் ஆடும்போதெல்லாம் உடம்பு சாய்ந்து, கையைக்கூட அசைக்க முடியாவிட்டால் 250. அரசாங்கப் புள்ளிவிவரத்தின் அளவுகோலில் செய்தித்தாளா! 1960களில் ஷின்ஜுகு வழியாகப் போன சூவோ லைன் காலை நேரத்தில் 250ஐத் தாண்டி ஓடியது. இதற்கு அன்றைய பேப்பர்கள் வைத்த பெயர் 'ட்சூகின் ஜிகோகு'. வேலைக்குப் போகும் நரகம்.

ஏன் இவ்வளவு கூட்டம்? ஜனத்தொகை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, ஆனால் அது பாதிப் பதில்தான். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இன்னொரு பாதி தெரியும். நகரத்துக்குள் நிலத்தின் விலை எட்டாது. தொலைவில் மலிவு. ஒடாக்யு, கெயோ போன்ற தனியார் ரயில் கம்பெனிகள் பாதையும் போட்டு, பாதையோரத்தில் மனையும் விற்று, கடைசி ஸ்டேஷனில் டிபார்ட்மென்ட் ஸ்டோரும் கட்டின. ஷின்ஜுகு மேற்கு வாசலில் ஒடாக்யு கடை 1962ல் வந்தது, கெயோ கடை 1964ல். வீடு வாங்கியவரைத் தினமும் ஏற்றி வந்து கடை வாசலில் இறக்கி விடும் வியாபாரம். சீசன் டிக்கெட் காசை வேலை கொடுக்கும் கம்பெனியே கொடுத்துவிடும் வழக்கம் வேறு, குறிப்பிட்ட வரம்பு வரை அதற்கு வரியும் கிடையாது. ஆக, கம்பெனிக்கு வரிச்சலுகை, ரயில் கம்பெனிக்கு டிக்கெட், மனை, கடை என்று மூன்று வருமானம். பயணிக்கு வாங்க முடிகிற விலையில் வீடு கிடைத்தது, உண்மைதான். அதற்கு அவர் கொடுத்த மீதி விலை, ஒன்றரை மணி நேரம் கையை அசைக்காமல் நிற்பது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் இந்தச் செலவுக்கு ஒரு காலம் இல்லை.

அதிலும் பெண்கள் கொடுத்த விலை இன்னும் அதிகம். 1912லேயே சூவோ லைனில் மாணவிகளுக்காகக் காலையும் மாலையும் தனி ரயில் விட்டார்கள், ஆண்களின் தொந்தரவு தாங்காமல். சீக்கிரமே நின்றுபோனது. 1947ல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி. அதையும் 1973ல் எடுத்துவிட்டு, முதியவர்களுக்கான 'சில்வர் சீட்' கொண்டுவந்தார்கள். (அந்தப் பெயர் நரைத்த முடியைப் பார்த்து வைத்ததல்ல. புல்லட் ரயில் சீட்டுக்காக வைத்திருந்த வெள்ளி நிறத் துணியைப் போட்டார்கள், அவ்வளவுதான்.) பெண்களுக்கு மறுபடி தனிப் பெட்டி வந்தது 2000 டிசம்பரில், ஷின்ஜுகுவிலிருந்து கிளம்பும் கெயோ லைன் பின்னிரவு ரயில்களில். வருஷக் கடைசி விருந்துகள் முடிந்து குடித்துவிட்டு ஏறும் கூட்டத்திடமிருந்து தப்பிக்க ஒரு சோதனை முயற்சி. 2001 மார்ச்சில் நிரந்தரமானது, பிறகு மற்ற கம்பெனிகளும் பின்பற்றின. நடுவில் போன 27 வருஷத்துக்கு யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

சதுக்கம் வழியான கதை

1967 ஆகஸ்ட் 8 அதிகாலை, ஷின்ஜுகு ஸ்டேஷனுக்குள் இரண்டு சரக்கு ரயில்கள் மோதித் தீப்பிடித்தன. ஒன்றில் இருந்தது அமெரிக்க விமானத் தளத்துக்குப் போன ஜெட் எரிபொருள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த சமயம். தினமும் ஆபீஸுக்குப் போகும் அதே தண்டவாளத்தில் போருக்கான பெட்ரோலும் போகிறது என்பது நெருப்பு எரிந்த பிறகுதான் பலருக்கு உறைத்தது.

1968 அக்டோபர் 21 அன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஹெல்மெட்டும் தடியுமாக ஸ்டேஷனுக்குள் புகுந்தார்கள். அந்த எரிபொருள் ரயிலை மறிப்பது நோக்கம். தண்டவாளத்துக் கற்களே ஆயுதமாயின. தீ வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். போலீஸ் அபூர்வமாகப் பயன்படுத்தும் கலவரச் சட்டத்தைப் பயன்படுத்தியது. நூற்றுக்கணக்கில் கைது. மறுநாள் காலை வரை ரயில் இல்லை.

அடுத்த வருஷம் வேறு மாதிரி. மேற்கு வாசலில் தரைக்குக் கீழே ஒரு பெரிய சதுக்கம் இருக்கிறது, ஜுன்ஸோ சகாகுரா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1966ல் முடிந்தது. 1969ன் ஆரம்பத்திலிருந்து சில இளைஞர்கள் சனிக்கிழமை மாலைகளில் கிட்டாரோடு வந்து அங்கே போர் எதிர்ப்புப் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். 'ஃபோக் கெரில்லா' என்று பெயர். முதலில் சின்னக் கும்பல். போகப் போக ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வீட்டுக்குப் போகிற ஆபீஸ்காரர்கள் நின்று கேட்டார்கள், சிலர் விவாதம் செய்தார்கள், கடைசி ரயிலை விட்டவர்களும் உண்டு. எங்கேயும் நிற்காமல் ஓடப் பழக்கப்பட்ட கூட்டம் அங்கே நின்றது. ஜூன் மாதக் கடைசியில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. ஜூலையில் ஒரு நாள் வந்து பார்த்தால் அறிவிப்புப் பலகையே மாறியிருந்தது. 'மேற்கு வாசல் தரையடிச் சதுக்கம்' என்று இருந்த இடத்தில் 'மேற்கு வாசல் தரையடி வழி'. ஜப்பானிய மொழியில் 'ஹிரோபா' போய் 'ட்சூரோ' வந்தது. சதுக்கத்தில் நிற்கலாம், கூடலாம். வழியில் நின்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். "நிற்காதீர்கள், நடங்கள்" என்று விரட்டப் போலீஸுக்கு இது போதும். ஒரு கல்லைக்கூட மாற்றாமல், ஒரு சொல்லை மாற்றி இடத்தையே மாற்றினார்கள். ரொம்பக் கெட்டிக்காரத்தனம், ரொம்ப அநியாயமும்கூட.

கோட் போட்டவர்களின் கலவரம்

1973க்கு இப்போது வரலாம். ரயில்வே அரசாங்கத்தின் கையில் இருந்ததால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. அதனால் 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்டம். பாதுகாப்பு விதிகளை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுவது. ஒவ்வொரு சிக்னலிலும் வேகத்தைக் குறைப்பது, சந்தேகம் வந்தால் நிறுத்துவது. விதி மீறல் இல்லை, ஆனால் ரயில் நேரத்துக்கு வராது. விதிகளை அப்படியே பின்பற்றினால் ரயில் ஓடாது என்றால், மற்ற நாட்களில் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. ஊழியர்கள் சொல்ல வந்ததும் அதுதான். ஆனால் பிளாட்பாரத்தில் நசுங்கிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. மார்ச் 13 அன்று டோக்கியோவுக்கு வடக்கே அகேயோ என்ற ஸ்டேஷனில் காலை நேரத்தில் முதல் வெடிப்பு. ஆறு வாரம் கழித்து, முதலில் சொன்ன ஏப்ரல் 24.

1968ல் ஷின்ஜுகுவை உடைத்தவர்கள் ஹெல்மெட் போட்ட மாணவர்கள், அவர்களுக்குக் கொள்கை இருந்தது, கொடி இருந்தது. 1973ல் உடைத்தவர்களுக்குத் தலைவர் இல்லை, கோஷம் இல்லை. பெரும்பாலோர் சட்டைக்கு மேல் கோட் போட்டு, கையில் பை வைத்திருந்தவர்கள். அன்றைக்குக் காலையில் இதே ஸ்டேஷன்களில் முதுகில் தள்ளு வாங்கி மௌனமாக ரயில் ஏறியவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ரயில்கள் மறுநாள்தான் ஓடின.

ஒரு பக்கம் சட்டம் கையைக் கட்டிய ஊழியர், இன்னொரு பக்கம் பெட்டி கையைக் கட்டிய பயணி. இருவருமே ஒரே நெரிசலின் இரண்டு முனைகள். ஆனால் உடைந்தது ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கண்ணாடி. 250 சதவீதத்தைத் திட்டமிட்டவர்களின் ஜன்னல்கள் பத்திரமாக இருந்தன.

நியாயமாகச் சொன்னால், அரசாங்கம் சும்மாவும் இல்லை. 1965லிருந்தே டோக்கியோவின் ஐந்து திசைகளிலும் இரட்டைப் பாதையை நாலு பாதையாக்கும் வேலை நடந்தது. கோடி கோடியாகக் கொட்டினார்கள், கடனும் ஏறியது. வேலைநிறுத்த உரிமை கேட்டு 1975ல் ஊழியர்கள் எட்டு நாள் ரயிலை நிறுத்தினார்கள், உரிமை கிடைக்கவில்லை. 1987 ஏப்ரல் 1 அன்று தேசிய ரயில்வேயே கலைக்கப்பட்டு ஜே.ஆர். கம்பெனிகளாகப் பிரிந்தது. அப்போது கடன் சுமார் 37 லட்சம் கோடி யென்.

நெரிசல் மெல்லமெல்லக் குறைந்தது. டோக்கியோ வட்டார முக்கியப் பாதைகளின் சராசரி 1975ல் 221 சதவீதம், 2019ல் 163. ஒரு பேப்பரை எப்படியோ பிடித்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வர 44 வருஷம். அதற்குள் பேப்பர் படிப்பவர்களே இல்லாமல்போய் எல்லாரும் போனைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள்.

சின்னச் சின்ன மாற்றங்கள்

1989 மார்ச் 11 அன்று ஷின்ஜுகுவிலும் ஷிபுயாவிலும் ரயில் கிளம்பும்போது அடிக்கும் மணியை எடுத்துவிட்டு, சில விநாடி நேரம் ஒலிக்கும் மெல்லிசை வைத்தார்கள். பழைய மணி காதைக் கிழிக்கும், பயணிகளிடமிருந்து புகார் மேல் புகார். யாரும் கண்ணாடி உடைக்காமல் ஜெயித்த ஒரு சின்ன வழக்கு. இன்றைக்கு டோக்கியோவில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் விதவிதமான இசை இருப்பதற்கு அந்த இரண்டு ஸ்டேஷன்களின் மணி காரணம்.

ஸ்டேஷன்களில் கரும்பலகை இருந்த காலம் ஒன்று உண்டு. வருபவருக்குச் சேதி சொல்ல, சாக்பீஸால் எழுதிவிட்டுப் போகலாம்: இத்தனை மணி வரை பார்த்தேன், கிளம்பிவிட்டேன், இன்ன கடையில் இருப்பேன். சில மணி நேரத்தில் ஊழியர் அழித்துவிடுவார். 1985ல் ஆரம்பித்த 'சிட்டி ஹன்டர்' என்ற காமிக்ஸில் கதாநாயகனைக் கூலிக்கு அழைக்க ஷின்ஜுகு கரும்பலகையில்தான் ரகசியக் குறிப்பு எழுத வேண்டும். செல்போன் வந்ததும் பலகைகள் காணாமல்போயின. 2001 நவம்பரில் 'சுய்கா' அட்டை வந்தது, டிக்கெட்டைக் கையால் துளை போட்ட ஊழியர்கள் அதற்கும் முன்பே போய்விட்டார்கள். வேகம் கூடியது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மேற்கு வாசல் 'வழி'யில் நிற்கக் கூடாது என்ற விதியை 1990களில் வேறு சிலர் மீறினார்கள். பொருளாதாரக் குமிழி உடைந்து, வேலையும் வீடும் போனவர்கள் அட்டைப் பெட்டிகளில் அங்கே குடியிருந்தார்கள். நகரும் நடைபாதை போடவேண்டும் என்று 1996 ஜனவரியில் ஒரு பகுதியைப் போலீஸ் துணையோடு காலி செய்தார்கள். மிச்சமிருந்த குடிசைகள் 1998 பிப்ரவரியில் ஒரு அதிகாலைத் தீயில் எரிந்தன, உயிர்களும் போயின. தினமும் லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பெட்டிகளைத் தாண்டி நடந்தார்கள். இதையும் பொறுமை என்று சொல்லலாமா தெரியவில்லை.

1995 மே 5, விடுமுறை நாள். ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் ஓம் ஷின்ரிக்யோ கும்பல் சுரங்க ரயில்களில் சாரின் விஷவாயுவை விட்டிருந்தது. அன்றைக்கு ஷின்ஜுகு சுரங்க ஸ்டேஷன் கழிப்பறையில் ஒரு பை எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்து ஊழியர்கள் அணைத்தார்கள். அது சயனைட் வாயுவை உண்டாக்குவதற்காக வைத்த பை. கொஞ்சம் தாமதித்திருந்தால் எத்தனை பேர் என்று கணக்கே இல்லை. ஒழுங்கைப் பாராட்டுகிற வீடியோக்களில் இந்த ஊழியர்கள் வருவதில்லை, தள்ளுகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள்.

கிழக்கும் மேற்கும்

ஷின்ஜுகுவுக்கு வருகிற வெளியூர்க்காரர் எல்லாரும் ஒரு தடவையாவது தொலைந்துபோகிறார்கள். ஐந்து ரயில் நிறுவனங்கள், 200க்கும் மேற்பட்ட வாசல்கள். மேற்கு வாசல் தரைக்குக் கீழே, தெற்கு வாசல் மேட்டுச் சாலை உயரத்தில். சேய்பு ஷின்ஜுகு என்று பெயரை நம்பி இறங்கினால் அது தனி ஸ்டேஷன், கொஞ்சம் நடக்கவேண்டும். இந்தச் சிக்கலை வைத்தே 'ஷின்ஜுகு டஞ்சன்' என்று ஒரு செல்போன் விளையாட்டு வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு, தன் காலத்தில், கிடைத்த இடத்தில் கட்டியதன் விளைவு. மேடு ஏறாத கெயோ ரயிலை ஞாபகம் இருக்கிறதல்லவா?

இதில் ரொம்பப் பழைய குறை, கிழக்கு வாசலிலிருந்து மேற்கு வாசலுக்கு நேராகப் போக முடியாதது. நடுவில் ஜே.ஆர். டிக்கெட் கேட். டிக்கெட் இல்லாதவர் ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், அல்லது பிளாட்பார டிக்கெட் வாங்கவேண்டும். கேட்டுகளை இடம் மாற்றி, நடுவே 100 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலத்தில் ஒரு பாதை விட்டார்கள். 2020 ஜூலை 19 அன்று திறந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் அந்த மாதம்தான் நடப்பதாக இருந்தது. கோவிட் வந்து ஒலிம்பிக்ஸ் தள்ளிப்போனது, ஆபீஸ்கள் வீட்டுக்குப் போயின. ஷின்ஜுகுவில் ஜே.ஆர். ரயில் ஏறுபவர்கள் 2019ல் நாளைக்குச் சுமார் 7.75 லட்சம், 2020ல் சுமார் 4.77 லட்சம். டோக்கியோ நெரிசல் சராசரி 163லிருந்து 107 ஆனது. நாலு பாதை போட்டு நாற்பது வருஷத்தில் குறைத்ததற்குச் சமமான குறைவை ஒரு வைரஸ் ஒரே வருஷத்தில் செய்தது.

அந்தப் புதுப் பாதையின் ஜப்பானியப் பெயர் 'தோசாய் ஜியூ ட்சூரோ'. கிழக்கு மேற்கு சுதந்திர வழி. 1969ல் பலகையில் எழுதிய அதே 'ட்சூரோ'தான், முன்னால் ஒரு 'சுதந்திர' சேர்ந்திருக்கிறது. ரயில்வே பாஷையில் அதற்கு டிக்கெட் வேண்டாம் என்று அர்த்தம், அவ்வளவுதான்.